ஒரே மைக்ரேஷன், நான்கு முடிவுகள்: கன்ஸ்ட்ரெயின்ட் பெயர்களால் உடைந்த ஒரு வெளியீட்டின் ஆய்வு

ஃபிளாஸ்க் என்ற பைத்தான் வலைக் கட்டமைப்பில் எழுதப்பட்ட ஓர் உறுப்பினர் பதிவுச் செயலி. மாடல்கள் (டேபிள்களின் பைத்தான் வரையறைகள்) எஸ்கியூஎல்அல்கெமியில், மைக்ரேஷன்கள் (டேபிள்களின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் கோப்புகள்) அலம்பிக்கில். புரொடக்ஷன் (பயனர்கள் பயன்படுத்தும் தளம்), ஸ்டேஜிங் (வெளியீட்டுக்கு முன் சோதிக்கும் தளம்) இரண்டிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். டெவலப்பர்களின் கணினிகளில் எஸ்கியூலைட். இவை தவிர, புரொடக்ஷனின் பழைய பேக்கப் ஒன்றை மீட்டு அமைத்த பயிற்சித் தளம் ஒன்றும் உண்டு.

வந்த தேவை சின்னதுதான். அதுவரை ஓர் ஈமெயிலுக்கு ஒரு கணக்கு என்றிருந்தது. இனி கிளைக்கு ஒரு கணக்கு: அதே ஈமெயிலை வைத்து வேறொரு கிளையிலும் பதியலாம். ஈமெயில் மீதான யூனிக் கன்ஸ்ட்ரெயின்டை (ஒரே மதிப்பு இரண்டு முறை வராமல் தரவுத்தளம் தடுக்கும் விதியை) நீக்கிவிட்டு, கிளை எண், ஈமெயில் இரண்டும் சேர்ந்த யூனிக் ஒன்றைப் போட வேண்டும். மைக்ரேஷனில் இரண்டே வரி.

டேபிள், கன்ஸ்ட்ரெயின்ட் பெயர்களை இங்கே ஒலிபெயர்த்துத் தருகிறோம். தரவுத்தளத்தில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருப்பவை. பைட் கணக்கு வரும் இடத்தில் அந்த ஆங்கில வடிவையே எண்ணியிருக்கிறோம்.

நீக்க வேண்டிய கன்ஸ்ட்ரெயின்டின் பெயர் மைக்ரேஷனில் யூக்யூ_மெம்பர்ஸ்_ஈமெயில் என்று எழுதப்பட்டிருந்தது. நான்கு இடங்களில் ஓட்டியதும் நான்கு விதமாக நடந்தது.

ஸ்டேஜிங்: சிக்கலில்லாமல் ஓடியது, புதிய வசதியும் வேலை செய்தது.

பயிற்சித் தளம்: மெம்பர்ஸ் டேபிளில் அப்படியொரு கன்ஸ்ட்ரெயின்டே இல்லை என்ற பிழையுடன் நின்றது. பிழைக்குறி 42704.

எஸ்கியூலைட்: அலம்பிக்கே தரவுத்தளத்தை மாற்றுவதற்கு முன் நிறுத்தியது. அந்தப் பெயரில் கன்ஸ்ட்ரெயின்ட் இல்லை என்ற வேல்யூஎரர்.

புரொடக்ஷன்: மைக்ரேஷன் முறையாக முடிந்தது. ஆனால் ஏற்கெனவே பதிந்த ஈமெயிலைக் கொண்டு வேறு கிளையில் பதிந்தால் பயனருக்கு 500 பிழைதான் (சர்வரில் கோளாறு என்ற பொதுப் பிழை) கிடைத்தது.

நான்காவதுதான் மோசமானது. பிழையோடு நிற்கும் மைக்ரேஷன் தன் சிக்கலைத் தானே சொல்லிவிடும். வெற்றிச் செய்தி காட்டிவிட்டு வேலையைச் செய்யாமல் விடும் மைக்ரேஷனைப் பயனரின் புகார் வந்த பிறகுதான் தேடத் தொடங்குகிறோம்.

பெயரை விட்டு, வரையறையைப் பார்ப்பது

இந்த மாதிரி நேரத்தில் மாடல் கோப்பைத் திறந்து பார்ப்பதில் பயனில்லை. எது இருக்க வேண்டும் என்பதை மட்டுமே மாடல் சொல்லும். எது இருக்கிறது என்பதைத் தரவுத்தளத்தின் உள்பட்டியலிடம்தான் கேட்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட் என்ற சிஸ்டம் டேபிளிலிருந்து நான்கு தகவல்கள் போதும்: கான்நேம் (பெயர்), கான்டைப் (வகை), கான்ரெலிட் (டேபிளின் எண்), பிறகு பிஜி_கெட்_கன்ஸ்ட்ரெயின்ட்டெஃப் என்ற ஃபங்ஷன் தரும் முழு வரையறை. கான்ரெலிட்டை ரெக்கிளாஸாக மாற்றிக்கொண்டால் எண்ணுக்குப் பதில் டேபிளின் பெயரே தெரியும்.

கான்டைப்பில் ஓரெழுத்துக் குறி இருக்கும். பி பிரைமரி கீ (வரியின் அடையாளம்), யூ யூனிக், எஃப் ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் வரியைச் சுட்டுவது), சி செக் (மதிப்புக்கான நிபந்தனை), எக்ஸ் எக்ஸ்க்ளூஷன். போஸ்ட்கிரெஸ் 18 முதல் நாட் நல் (காலி மதிப்பைத் தடுக்கும்) கன்ஸ்ட்ரெயின்ட்களும் என் என்ற குறியோடு இதே டேபிளில் வருகின்றன. 17இலிருந்து 18க்கு மாறியதும் பட்டியல் திடீரென்று நீண்டு நின்றால் காரணம் இதுதான். ஒப்பீட்டில் அவற்றை வடிகட்டிவிடலாம்.

பட்டியலை வரிசைப்படுத்தும் விதம் முக்கியம். பெயர் வாரியாக அடுக்கி இரண்டு சூழல்களை ஒப்பிட்டால் எல்லா வரியும் வேறுபட்டதாகவே தெரியும். டேபிள், வரையறை என்ற வரிசையில் அடுக்கி, பெயரைக் கடைசி நெடுவரிசையில் வைத்தால் குழப்பம் எங்கே என்று உடனே கண்ணில் படும். வரையறை ஒன்று, பெயர் வேறு என்றால் அது பெயர்ச் சிக்கல். ஒரே வரையறை இரண்டு முறை வந்தால் அது இரட்டைக் கன்ஸ்ட்ரெயின்ட். ஒரு பக்கம் வரையறையே இல்லையென்றால் அது பெயர்ச் சிக்கலே அல்ல; தனியாக விசாரிக்க வேண்டியது.

இங்கே யூனிக்(ஈமெயில்) என்ற வரையறைக்குக் கிடைத்த விவரம் இது. ஸ்டேஜிங்கில் யூக்யூ_மெம்பர்ஸ்_ஈமெயில். பயிற்சித் தளத்தில் யூசர்ஸ்_ஈமெயில்_கீ. எஸ்கியூலைட்டில் பெயரே இல்லை. மைக்ரேஷனுக்கு முந்தைய புரொடக்ஷன் பேக்கப்பில் இரண்டு பெயர்களும் இருந்தன: ஒரே நெடுவரிசை மீது இரண்டு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்கள்.

பெயர்கள் பிரிந்த வழி

செயலியின் முதல் வடிவில் டேபிளின் பெயர் யூசர்ஸ். ஈமெயில் நெடுவரிசைக்கு யூனிக் என்று மட்டும் எழுதி, பெயர் கொடுக்காமல் விட்டிருந்தார்கள். பெயர் கொடுக்காவிட்டால் போஸ்ட்கிரெஸ் தானே ஒன்றை வைத்துக்கொள்ளும்: டேபிள், நெடுவரிசை, பிறகு வகையைக் காட்டும் பின்னொட்டு. யூனிக்குக்குக் கீ, ஃபாரின் கீக்கு எஃப்கீ, செக்குக்குச் செக். பிரைமரி கீக்கு மட்டும் நெடுவரிசை வராமல் டேபிள் பெயரோடு பிகீ. அந்தப் பெயர் ஏற்கெனவே இருந்தால் கடைசியில் ஓர் எண் ஒட்டும். அப்படிப் பிறந்ததுதான் யூசர்ஸ்_ஈமெயில்_கீ.

பிறகு டேபிளின் பெயர் மெம்பர்ஸ் ஆனது. போஸ்ட்கிரெஸில் டேபிளின் பெயரை மாற்றினால் அதன் கன்ஸ்ட்ரெயின்ட், இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அமைப்பு), சீக்வென்ஸ் (வரிசை எண் தருவது) பெயர்கள் கூடவே மாறுவதில்லை.

மூன்றாவதாக, மாடல்களின் மெட்டாடேட்டாவில் பெயரிடல் விதி சேர்க்கப்பட்டது. இது நல்ல முடிவுதான். எஸ்கியூஎல்அல்கெமியின் நேமிங் கன்வென்ஷனில் ஐந்து வகைகளுக்குப் பெயர் அச்சு கொடுக்கலாம்: பிகே (பிரைமரி கீ), யூக்யூ (யூனிக்), எஃப்கே (ஃபாரின் கீ), சிகே (செக்), ஐஎக்ஸ் (இன்டெக்ஸ்). விதி அமலான பிறகு உருவாகும் எதற்கும் பெயர் அதிலிருந்தே வரும். ஏற்கெனவே தரவுத்தளத்தில் இருப்பவற்றை அது தொடாது. இந்த இடைவெளியை யாரும் கவனிக்கவில்லை.

ஸ்டேஜிங் அமைக்கப்பட்டது அதற்கும் பிறகு. பழைய மைக்ரேஷன்களை வரிசையாக ஓட்டாமல், கிரியேட்_ஆல் மூலம் மாடல்களிலிருந்து நேரே டேபிள்களை உருவாக்கி, ஸ்டாம்ப் ஹெட் கட்டளையால் எல்லா மைக்ரேஷனும் முடிந்ததாக முத்திரை குத்திவிட்டார்கள். அங்கே எல்லாப் பெயரும் விதிப்படி இருந்தது இதனால்தான். வெளியீட்டுக்கு முன் சோதித்துப் பார்க்கும் தளம், புரொடக்ஷன் கடந்து வராத பாதையில் பிறந்திருந்தது. சோதனை தவறாமல் வெற்றி பெற்றதில் வியப்பில்லை.

புரொடக்ஷனில் இரட்டை வந்த காரணம்

இதற்குப் பழைய புகார் ஒன்று பின்னணி. ஒரே ஈமெயிலை மறுபடி பதிந்தால், இந்த ஈமெயில் ஏற்கெனவே பதிவில் உள்ளது என்ற செய்தி வர வேண்டும். புரொடக்ஷனில் மட்டும் 500 வந்துகொண்டிருந்தது.

செயலி, கன்ஸ்ட்ரெயின்ட் மீறலைச் சொல்லும் இன்டெக்ரிட்டிஎரரைப் பிடித்து, போஸ்ட்கிரெஸோடு பேசும் சைகோபிஜி நூலகத்தின் டயக் பொருளிலிருந்து கன்ஸ்ட்ரெயின்ட் பெயரை எடுத்து, ஓர் அகராதியில் தேடி, பயனருக்கான செய்தியைக் காட்டும். அகராதியில் இருந்தது யூக்யூ_மெம்பர்ஸ்_ஈமெயில். புரொடக்ஷன் சொன்னதோ யூசர்ஸ்_ஈமெயில்_கீ. பெயர் பொருந்தாததால் பிழை அப்படியே மேலே போனது.

அதற்கு மருந்தாக யாரோ புரொடக்ஷனில் கையால் யூக்யூ_மெம்பர்ஸ்_ஈமெயில் என்ற இன்னொரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்டைச் சேர்த்திருக்கிறார்கள். 500 நிற்கவில்லை. யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஓர் இன்டெக்ஸ் உண்டு. ஒரே நெடுவரிசை மீது இரண்டு யூனிக் இன்டெக்ஸ் இருந்தால், போஸ்ட்கிரெஸ் வழக்கமாக முன்னால் உருவானதைத்தான் முதலில் சரிபார்க்கும். மீறல் அங்கேயே பிடிபடும். பிழையில் பழைய பெயரே வரும். புதியது வரைக்கும் சரிபார்ப்பு போவதே இல்லை. கிடைத்தது இன்னொரு இன்டெக்ஸ் மட்டும்: ஒவ்வொரு இன்சர்ட்டுக்கும் கூடுதல் எழுத்துவேலை, கூடுதல் வட்டு இடம்.

புதிய மைக்ரேஷன் அந்தக் கைவேலையை நீக்கிவிட்டு வெற்றி என்றது. உண்மையில் தடுத்துக்கொண்டிருந்த யூசர்ஸ்_ஈமெயில்_கீ அசையவில்லை.

பயிற்சித் தளத்தின் பிழைக்கு முதலில் முன்வைக்கப்பட்ட தீர்வு, டிராப் கன்ஸ்ட்ரெயின்ட்டோடு இஃப் எக்ஸிஸ்ட்ஸ் சேர்ப்பது. அதைச் செய்திருந்தால் பயிற்சித் தளமும் புரொடக்ஷனைப் போலவே பொய் சொல்லியிருக்கும். ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் போக வேண்டும் என்பதே மைக்ரேஷனின் நோக்கமாக இருக்கும்போது, இல்லாவிட்டால் பரவாயில்லை என்று எழுதுவது எங்களுக்கு ஏற்புடையதல்ல. பிழை வந்து நிற்பதே அங்கே நல்லது.

ஆட்டோஜெனரேட் ஏன் காட்டிக்கொடுக்கவில்லை

அலம்பிக்கின் ஆட்டோஜெனரேட் மாடலையும் தரவுத்தளத்தையும் ஒப்பிடுகிறதே, பெயர் வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டாமா என்ற கேள்வி நியாயமானது. அது எல்லா வகையையும் ஒரே மாதிரி ஒப்பிடுவதில்லை.

யூனிக்கையும் இன்டெக்ஸையும் பெயரை வைத்து ஒப்பிடும். ஃபாரின் கீயை நெடுவரிசைகள், சுட்டும் டேபிள் போன்ற உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும். பெயர் மட்டும் மாறியிருந்தால் அதற்குத் தெரியாது. செக்கையும் பிரைமரி கீயையும் ஒப்பிடுவதே இல்லை. ஆக, பெயர்ச் சிக்கல் வரக்கூடிய நான்கு கன்ஸ்ட்ரெயின்ட் வகைகளில் மூன்று அதன் கண்ணுக்குப் படாது. அலம்பிக் 1.9இல் வந்த செக் என்ற கட்டளையும் (செக் கன்ஸ்ட்ரெயின்ட் அல்ல) இதே ஒப்பீட்டைத்தான் நம்பியிருக்கிறது. அது பச்சை காட்டினால் பெயர்கள் சரி என்று பொருளல்ல.

கண்ணில் படும் யூனிக்குக்கும் அது தரும் வழி ஆபத்தானது. பெயர் மாறியிருக்கிறது என்பது அதற்குப் புரியாது. பழையதை நீக்கு, புதியதைச் சேர் என்று இரண்டு வரி எழுதித் தரும். யூனிக் கன்ஸ்ட்ரெயின்டைச் சேர்ப்பது இன்டெக்ஸை முழுதாகக் கட்டும் வேலை. அது முடியும்வரை டேபிளின் மீது ஆக்ஸஸ் எக்ஸ்க்ளூசிவ் பூட்டு இருக்கும். படிப்பதற்கும் யாரும் உள்ளே வர முடியாது. பெரிய டேபிளில் இது செயலியையே நிறுத்திவிடும். வேண்டியதெல்லாம் பெயர்மாற்றம் ஒன்றுதான். உள்பட்டியலில் ஒரு வரி மாறும், டேட்டாவைத் தொடாது.

திருத்தும் வரிசை

வரிசை மாறினால் புதுப் புகார்கள் கிளம்பும். செயலிக் குறியீடும் மைக்ரேஷனும் ஒரே நொடியில் அமலுக்கு வருவதில்லை. பழைய குறியீடு ஓடும் சர்வர்கள் சில நிமிடங்களாவது உயிரோடிருக்கும்.

முதலில் பிழையைப் பிடிக்கும் குறியீட்டை வெளியிட வேண்டும். அகராதியில் பழைய பெயர், புதிய பெயர் இரண்டுக்கும் அதே செய்தி. அகராதியில் இல்லாத பெயர் வந்தால் முழுப் பெயரையும் டேபிளையும் எஸ்கியூஎல்ஸ்டேட் என்ற பிழைக்குறியையும் சர்வர் லாக்கில் எழுதிவிட்டு, வகைக்குரிய பொதுச் செய்தி. 23505 என்றால் இந்த மதிப்பு ஏற்கெனவே உள்ளது, 23503 என்றால் தொடர்புடைய பதிவு சிக்கல், 23514 என்றால் மதிப்பு ஏற்கத்தக்கதல்ல. பெயர் தெரியாத ஒரே காரணத்துக்காகப் பயனருக்கு 500 போகக் கூடாது.

இரண்டாவது, பெயர்களை ஒன்றாக்கும் மைக்ரேஷன். ஒவ்வொரு சூழலிலும் பழைய பெயர் வேறு என்பதால் அதை மைக்ரேஷனுக்குள் எழுதிவைக்க முடியாது. ஓடும் நேரத்தில் கண்டுபிடிக்க வேண்டும். ஓபி.கெட்_பைண்ட் தரும் இணைப்பை எஸ்கியூஎல்அல்கெமியின் இன்ஸ்பெக்டிடம் கொடுத்து, கெட்_யூனிக்_கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் மூலம் மெம்பர்ஸ் டேபிளின் பட்டியலை எடுத்து, நெடுவரிசைப் பட்டியல் சரியாக ஈமெயில் ஒன்று மட்டுமாக இருப்பவற்றைப் பொறுக்குவது. அதன்பின் மூன்று சாத்தியங்கள்:

ஒன்று இருந்து, பெயரும் சரியென்றால் எதுவும் செய்ய வேண்டாம்.

ஒன்று இருந்து, பெயர் வேறென்றால்:

ஆல்டர் டேபிள் மெம்பர்ஸ் ரீநேம் கன்ஸ்ட்ரெயின்ட் யூசர்ஸ்_ஈமெயில்_கீ டு யூக்யூ_மெம்பர்ஸ்_ஈமெயில்;

இந்தக் கட்டளை போஸ்ட்கிரெஸ் 9.2 முதல் உண்டு. யூனிக், பிரைமரி கீ இரண்டிலும் பின்னாலுள்ள இன்டெக்ஸின் பெயரும் கூடவே மாறும். தனியாக மாற்ற வேண்டாம்.

ஒன்றுக்கு மேல் இருந்தால் வரையறைகள் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒன்றில் டெஃபரபிள் (சரிபார்ப்பைப் பரிவர்த்தனையின் முடிவுவரை தள்ளிவைக்கும் வசதி) இருந்து மற்றதில் இல்லையென்றால் அவை இரட்டை அல்ல. அப்படியே ஒன்றென்றால், பின்னால் சேர்த்ததை நீக்கிவிட்டுப் பழையதன் பெயரை மாற்றுவது நல்லது. தலைகீழாகச் செய்தால் சிக்க வாய்ப்புண்டு: அந்த நெடுவரிசையைச் சுட்டும் ஃபாரின் கீ ஏதாவது இருந்தால் அது குறிப்பிட்ட ஓர் இன்டெக்ஸோடு கட்டப்பட்டிருக்கும், பெரும்பாலும் பழையதோடு. எதோடு என்பது பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்டின் கான்இன்டிட் நெடுவரிசையில் தெரியும். அதை நீக்கப் போனால் சார்ந்த பொருள்கள் உள்ளன என்ற பிழை வரும். அந்தப் பிழைச்செய்தியே கேஸ்கேடைப் பயன்படுத்தலாம் என்று குறிப்பும் தரும். தயவுசெய்து வேண்டாம்: கேஸ்கேட் போட்டால் ஃபாரின் கீயும் பிழை ஏதும் வராமலேயே போய்விடும்.

மூன்றில் எதுவும் இல்லை, பூஜ்யம் என்றால் மைக்ரேஷன் பிழையோடு நிற்கட்டும்.

பெயர்மாற்றம் நொடிக்குள் முடிந்தாலும் அதற்கும் டேபிளின் மீது முழுப் பூட்டு வேண்டும். நீண்ட அறிக்கைக் கேள்வி ஒன்று அந்த டேபிளைப் படித்துக்கொண்டிருந்தால் ஆல்டர் காத்திருக்கும். ஆல்டருக்குப் பின்னால் வரும் சாதாரண செலக்ட்களும் வரிசையில் நிற்கும். மைக்ரேஷனின் தொடக்கத்தில் லாக்_டைம்அவுட்டை 3 நொடி அளவில் வைத்தால், பூட்டு கிடைக்காதபோது விலகிவிடும். பிறகு மறுபடி ஓட்டலாம். அலம்பிக் இயல்பாக எல்லா மைக்ரேஷனையும் ஒரே பரிவர்த்தனையில் ஓட்டும். போஸ்ட்கிரெஸில் டேபிள் மாற்றங்களும் பரிவர்த்தனைக்குள் அடங்கும். எனவே தோற்றால் எல்லாம் பழையபடி திரும்பும்.

இன்ஸ்பெக்ட் வழிக்கு ஒரு வரம்பு உண்டு. மைக்ரேஷனை எஸ்கியூஎல் கோப்பாக மட்டும் எடுத்துத் தரவுத்தள நிர்வாகியிடம் கொடுக்கும் ஆஃப்லைன் முறையில் இணைப்பே இருக்காது. அங்கே இதே தேடலை டூ பிளாக்காக (தரவுத்தளத்திலேயே ஓடும் சிறு நிரலாக) எழுதி, ஃபார்மட் ஃபங்ஷனில் பெயர்களுக்குரிய குறியான %I என்பதைக் கொண்டு கட்டளையை உருவாக்கி எக்ஸிக்யூட் செய்ய வேண்டும்.

புதிய கன்ஸ்ட்ரெயின்டைச் சேர்க்கப் போனபோது

பெயர்கள் ஒன்றான பிறகு அசல் வேலையின் இரண்டாம் பாதியிலும் ஒரு கல் தடுக்கியது. பயிற்சித் தளத்தில் 42பி07: யூக்யூ_மெம்பர்ஸ்_பிராஞ்ச்_ஐடி ஏற்கெனவே இருக்கிறது.

யூனிக்குக்கான அச்சில் காலம்_0_நேம் என்ற டோக்கன் (பெயர் வந்து நிரம்பும் இடம்) இருந்தது. அது முதல் நெடுவரிசையை மட்டுமே எடுக்கும். கிளை எண்ணும் உறுப்பினர் எண்ணும் சேர்ந்த யூனிக் ஒன்று ஏற்கெனவே அந்தப் பெயரில் இருந்தது. கிளை எண்ணும் ஈமெயிலும் சேர்ந்ததற்கும் அதே பெயர் பிறந்தது. ஸ்டேஜிங்கில் இது வராததன் காரணம், அங்கே மைக்ரேஷனைக் கையால் எழுதிய பெயரோடு முன்பே ஓட்டியிருந்ததுதான். எஸ்கியூஎல்அல்கெமி 1.3 முதல் காலம்_0_என்_நேம் என்ற டோக்கன் இருக்கிறது. அது எல்லா நெடுவரிசைகளையும் அடிக்கோட்டால் இணைக்கும். 0க்கும் என்னுக்கும் நடுவில் அடிக்கோடு இல்லாத வடிவமும் உண்டு. அது இணைப்புக்குறி இல்லாமல் ஒட்டிவிடும், படிக்கத் தொல்லை.

டோக்கனை மாற்றினால் ஒற்றை நெடுவரிசைக் கன்ஸ்ட்ரெயின்ட்களின் பெயர் மாறாது. கூட்டுக் கன்ஸ்ட்ரெயின்ட்களின் பெயர் மாறும். அவற்றுக்கும் முன்சொன்ன பெயர்மாற்றத்தைச் செய்த பிறகே அடுத்த ஆட்டோஜெனரேட்.

பெரிய டேபிளில் புதிய யூனிக்கை நேராகச் சேர்க்காமல், கிரியேட் யூனிக் இன்டெக்ஸ் கன்கரன்ட்லி மூலம் இன்டெக்ஸை முதலில் கட்டலாம். இது பரிவர்த்தனைக்குள் ஓடாது. அலம்பிக்கில் ஆட்டோகமிட்_பிளாக்குக்குள் வைக்க வேண்டும். பிறகு ஆட் கன்ஸ்ட்ரெயின்ட் யூனிக் யூசிங் இன்டெக்ஸ். இரண்டு பெயர்களும் வேறாக இருந்தால் இன்டெக்ஸின் பெயர் கன்ஸ்ட்ரெயின்டின் பெயராக மாறிவிடும். கட்டும் வழியில் தோற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று அங்கேயே கிடக்கும். அதை நீக்கிவிட்டுத்தான் மறுபடி தொடங்க வேண்டும். பழைய யூனிக்கை நீக்குவது கடைசியில்.

ஆய்வில் கூடவே அகப்பட்டவை

இரட்டை முன்னொட்டு. ஒரு செக் கன்ஸ்ட்ரெயின்டின் பெயர் சிகே_பிளான்ஸ்_சிகே_பிளான்ஸ்_ஃபீ_பாசிட்டிவ் என்று இருந்தது. செக்குக்கான அச்சில் கன்ஸ்ட்ரெயின்ட்_நேம் டோக்கன் இருக்கும். கொடுத்த பெயரை எடுத்து அதற்கு முன்னால் சிகேயையும் டேபிளையும் ஒட்டும். மைக்ரேஷனில் முழுப் பெயரை ஏற்கெனவே எழுதியிருந்தால் மறுபடி ஒட்டும். முழுப் பெயர் கொடுக்கும்போது ஓபி.எஃப் ஃபங்ஷனில் பொதிந்து கொடுத்தால், விதி ஏற்கெனவே பட்ட பெயர் என்று அலம்பிக் விட்டுவிடும். சேர்க்கும்போது மட்டுமல்ல, டைப் செக் என்று சொல்லி நீக்கும்போதும் இது பொருந்தும். மாடலில் எழுதும்போது தலைகீழ்: ஃபீ_பாசிட்டிவ் என்ற சிறிய பெயர் மட்டும்.

யூனிக் போலத் தெரியும் இன்டெக்ஸ். மாடலில் ஒரு நெடுவரிசைக்கு யூனிக், இன்டெக்ஸ் இரண்டையும் ட்ரூ என்று கொடுத்தால் எஸ்கியூஎல்அல்கெமி கன்ஸ்ட்ரெயின்ட் போடுவதில்லை. ஐஎக்ஸ் முன்னொட்டோடு ஒரு யூனிக் இன்டெக்ஸ் போடும். அது பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்டில் வராது. டிராப் கன்ஸ்ட்ரெயின்ட் அதை நீக்காது, டிராப் இன்டெக்ஸ் வேண்டும். ஆன் கான்ஃப்ளிக்ட் ஆன் கன்ஸ்ட்ரெயின்ட்டில் அந்தப் பெயரைப் பயன்படுத்தவும் முடியாது. ஆனால் மீறல் நடந்தால் டயக்கின் கன்ஸ்ட்ரெயின்ட் பெயராக அந்த இன்டெக்ஸின் பெயரே வரும். தேடுபவரை நன்றாகவே அலைக்கழிக்கும் சேர்க்கை இது. ஆய்வுக் கேள்வியில் பிஜி_இன்டெக்ஸையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நீளப் பெயர். போஸ்ட்கிரெஸில் ஒரு பெயருக்கு 63 பைட்தான். எஃப்கே_மெம்பர்ஷிப்_ரினியூவல்_ரிக்வெஸ்ட்ஸ்_ப்ரீவியஸ்_அப்ரூவ்ட்_பை_மெம்பர்_ஐடி_மெம்பர்ஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் 69 பைட். கையால் எஸ்கியூஎல் எழுதினால் போஸ்ட்கிரெஸ் வெறும் நோட்டீஸ் காட்டி முதல் 63ஐ வைத்துக்கொள்ளும். விதியின் வழியாக வந்தால் எஸ்கியூஎல்அல்கெமி முதல் 55ஐ எடுத்து, அடிக்கோடு போட்டு, முழுப் பெயரிலிருந்து கணக்கிட்ட எம்டி5 ஹேஷிலிருந்து 4 எழுத்தை ஒட்டி, 60 எழுத்தாக்கும். ஒரே கன்ஸ்ட்ரெயின்டுக்கு இரண்டு வெட்டுகள், இரண்டு பெயர்கள். கையால் வெட்டுப்பட்டதை முழுப் பெயர் கொடுத்தே நீக்கிவிடலாம், அந்தக் கட்டளையிலும் பெயர் அதே இடத்தில் வெட்டுப்படும். ஆனால் பிழையைப் பிடிக்கும் பைத்தான் அகராதியில் முழுப் பெயர் இருந்தால் பொருந்தவே பொருந்தாது. 50 எழுத்தைத் தாண்டும் பெயர்களுக்கு மாடலிலேயே சுருக்கமான பெயரை வெளிப்படையாகக் கொடுத்துவிடுவதே எங்கள் பரிந்துரை. மேற்கோள் குறிக்குள் தமிழிலேயே பெயர் வைக்கப் போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும்; ஆசையிருப்பவர்கள் ஒரு குறியீட்டுக்கு 3 பைட், ஆக 21 குறியீடுகள், புள்ளியும் கொம்பும் தனிக் கணக்கு என்பதை நினைவில் கொள்ளட்டும்.

எஸ்கியூலைட்டில். ஆல்டர் ஆதரவு குறைவு என்பதால் அலம்பிக் அங்கே பேட்ச் முறையில் புதிய டேபிளை உருவாக்கி, டேட்டாவை நகலெடுத்து, பெயரை மாற்றும். பெயரில்லாத கன்ஸ்ட்ரெயின்டை நீக்க, பேட்ச்_ஆல்டர்_டேபிளுக்கே நேமிங் கன்வென்ஷனைக் கொடுக்க வேண்டும். படித்தெடுக்கும்போது பெயரற்றவற்றுக்கு அந்த விதிப்படி பெயர் கிடைக்கும், அந்தப் பெயரால் நீக்கலாம். ஆனால் இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது, டெவலப்பர் கணினியிலும் போஸ்ட்கிரெஸே வேண்டும் என்பதற்கு: யூனிக் மீறலில் எஸ்கியூலைட் டேபிளையும் நெடுவரிசையையும் சொல்லும், கன்ஸ்ட்ரெயின்ட் பெயரைச் சொல்லாது. ஃபாரின் கீ மீறலில் எதையும் சொல்லாது. பிராக்மா ஃபாரின்_கீஸை ஆன் செய்யாவிட்டால் மீறலையே கண்டுகொள்ளாது. பெயரை நம்பியிருக்கும் பிழைக் குறியீட்டை அங்கே சோதிக்க வழியே இல்லை.

வேறு தரவுத்தளங்களில்

மைஎஸ்கியூஎல்லில் பெயரில்லாத ஃபாரின் கீ டேபிள்பெயர்_ஐபிஎஃப்கே_1 என்ற வடிவம் பெறும். ஃபாரின் கீயின் பெயரை மாற்றக் கட்டளை கிடையாது. நீக்கிச் சேர்க்க வேண்டும். இன்டெக்ஸுக்கு 5.7 முதல் ரீநேம் இன்டெக்ஸ் உண்டு. பிரைமரி கீயின் பெயர் எப்போதும் பிரைமரிதான். டேபிள் மாற்றங்கள் பரிவர்த்தனைக்குள் அடங்காததால் பாதியில் தோற்ற மைக்ரேஷன் பாதியிலேயே நிற்கும். கட்டளைக்கு ஒரு மைக்ரேஷன் என்று பிரிப்பது நல்லது. எஸ்கியூஎல் சர்வரில் தானியங்கிப் பெயரின் வாலில் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் மாறும் எழுத்துக் கோவை இருக்கும். டீஃபால்ட் மதிப்புகூட அங்கே ஒரு கன்ஸ்ட்ரெயின்ட் என்பதால், ஒரு நெடுவரிசையை நீக்கும் முன் அதன் பெயரைத் தேடிப் பிடித்து நீக்க வேண்டும். பெயர் மாற்ற எஸ்பி_ரீநேம் இருக்கிறது. ஆரக்கிளில் எஸ்ஒய்எஸ்_சி என்று தொடங்கி எண்ணில் முடியும்; 12.1 வரை பெயருக்கு 30 பைட் மட்டுமே, 12.2 முதல் 128.

இனி விலகாமலிருக்க

தொடர் ஒருங்கிணைப்பில் (குறியீடு மாறும்போதெல்லாம் தானே ஓடும் சோதனைகளில்) காலியான போஸ்ட்கிரெஸ் இரண்டு. ஒன்றில் முதல் மைக்ரேஷனிலிருந்து ஹெட் (கடைசி மைக்ரேஷன்) வரை ஓட்டுவது, மற்றதில் கிரியேட்_ஆல். இரண்டிலும் டேபிள், வரையறை, பெயர் மூன்றையும் எடுத்து வரிக்கு வரி ஒப்பிடுவது. ஒரு வரி வேறுபட்டாலும் பில்ட் நிற்க வேண்டும். இதோடு கான்டைப்புக்கு உரிய முன்னொட்டும் டேபிள் பெயரும் கொண்டு தொடங்காத கன்ஸ்ட்ரெயின்ட் ஏதாவது உண்டா என்று ஒரு கேள்வி. நீளப் பெயர்கள் வாலில்தான் வெட்டுப்படுகின்றன என்பதால் இந்தச் சோதனையை அவை குழப்பாது. பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்டை மட்டும் படிக்கும் உரிமையோடு இதே கேள்வியைப் புரொடக்ஷனிலும் வெளியீட்டுக்கு முன் ஓட்டலாம். கையால் செய்த சேர்க்கைகள் அங்கேதான் அகப்படும்.

பெயர்மாற்ற மைக்ரேஷனின் டவுன்கிரேடில் (மாற்றத்தைத் திரும்பப் பெறும் பகுதியில்) பழைய பெயருக்குத் திரும்ப வேண்டாம். எந்தச் சூழலில் எந்தப் பெயர் இருந்தது என்ற தகவல் போய்விட்டது. அதைக் காலியாக விட்டு, காரணத்தை ஒரு வரிக் கமென்ட்டாக எழுதலாம். பிழை அகராதியிலுள்ள பழைய பெயர்களை எடுப்பது கடைசி வேலை: நான்கு சூழல்களிலும் ஒப்பீட்டுக் கேள்வி வெறுமையாகத் திரும்பி, பழைய பேக்கப்பிலிருந்து மீட்டால் மைக்ரேஷன் ஹெட் வரை ஓடியே தீரும் என்பது மீட்புச் செயல்முறையிலும் எழுதப்பட்ட பிறகு.